விரதத்துக்குத் தப்பிய மீன்

அடுத்தவர் பேச்சைக் கேட்கும் ஆசையில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிடுகிற மடையன் நான். அன்றும் ஹம்பேர்க் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பேர்.

"மனிசி கந்தசஷ்டி விரதம். வீட்டு ஃப்ரிட்ஜில மீன் வைக்க ஏலாது. அதுதான் காம்பிங் வான் ஃப்ரிட்ஜில வச்சனான்," என்றார் மூத்தவர்.

"வானைக் குளிர்காலத்துக்கு அந்த வாடகை நிறுத்துமிட ஹாலில விட்டிட்டீங்களே அண்ணை. அங்க கரண்ட் இருக்கே?" என்றார் மற்றவர்.

"இல்லை. பற்றரியில ஓடுது."

"அது ரெண்டு நாள்தான் தாங்கும். அந்த ஃப்ரிட்ஜ் காஸிலயும் ஓடுமே, காஸில போடுங்கோவன்."

"ஹாலுக்க காஸ் பாவிக்க விடாங்கள்."

"எப்ப வச்சனீங்கள்?"

"விரதம் தொடங்கின அண்டைக்கு."

"நாளைக்கு விரதம் முடியுது, அண்ணை."

அண்ணை ஃபோனைப் பார்த்தார். "ஹால்காரன் காலமையில இருந்து கோல் எடுக்கிறான். மனிசிக்கு மட்டும் தெரியக்கூடாது."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

"அந்த மனிசிக்கு எப்பவோ தெரியும். விரதம் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா."