சாமி வராத மாத்திரை

கோலா கெத்தில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். அவள் மடியில் மருந்துப் பை. அவன் முழங்கால் ஓயாமல் ஆடியது.

"இந்த மாத்திரை சாப்பிட்டா சாமி வரமாட்டேங்குதுக்கா. திருவிழா வரைக்கும் நிறுத்திடுறேன்."

"மூளையில டோபமைன், செரோட்டோனின்னு ரெண்டு ரசாயனம் ஒட்டுற இடத்தை மாத்திரை அடைச்சு வைக்குதாம். அதான் இப்ப உனக்குக் குரலெல்லாம் கேக்கலன்னாரு டாக்டர்."

"அப்ப சாமி எந்த வழியா வரும்? எஸ்டேட்ல எல்லாரும் என்கிட்டதானே குறி கேப்பாங்க."

"கால் ஆட்டம் நிக்கமாட்டேங்குதுல்ல, அதை டாக்டர்கிட்ட சொல்லு லா."

"அதை விடுக்கா. சாமி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போன வருஷம் வந்துச்சே. எல்லாரும் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அது மட்டும் போகல. மூணு மாசம் கதவைப் பூட்டிட்டு உன்கூட உக்காந்திருந்தது நான்தான்."