நான் கை வைக்காத தகடு

தொடாதீங்க சார், கையை எடுங்க! ஒரு விரல் பட்டாப் போதும், ராக்கெட் காலையில இருந்து தேய்ச்சதெல்லாம் பாழ். ராக்கெட்டா? இதோ குனிஞ்சு தேய்க்கிறாரே, இவருதான். வேகத்துக்கு வெச்ச பேருன்னு நெனச்சுக்காதீங்க. ஒரு எமரித் தாளுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நாம ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம்.

நான் ஏன் செய்யலையா? இன்னிக்கு எனக்கு வாய் வேலை மட்டுந்தான். அதை அப்புறம் சொல்றேன். நாற்காலியெல்லாம் வேணாம், மேஜையில சாஞ்சுக்கறேன். என்ன ராக்கெட், முறைக்கிறீங்க? கை கட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன்?

தகடு செஞ்ச கம்பெனியில இருந்து எங்க லேபுக்கு வந்திருக்கீங்க, இதெல்லாம் பாத்ததே இல்லையா? அட, நல்லாப் போச்சு! தொடை எலும்புல வெச்சு முடுக்கின தகடு உள்ளயே ரெண்டா உடைஞ்சு போச்சு. தகடு தங்கம், அந்தம்மாதான் டாக்டர் பேச்சைக் கேக்காம எழுந்து நடந்துட்டாங்கன்னு நீங்க சொல்றீங்க. ஒரு அடி கூட எடுத்து வைக்கலைன்னு அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்லுது. யார் சொல்றது நிஜம்னு இந்தத் துண்டுதான் சொல்லணும். அதுக்குத்தான் அறுத்து, கறுப்புப் பிசின்ல பதிச்சு, முரட்டுத் தாள்ல ஆரம்பிச்சு நைசுத் தாள் வரைக்கும் தேய்க்கறது. தாள் மாத்துறப்பல்லாம் துண்டைக் குறுக்கத் திருப்பிப் பிடிக்கணும். பழைய கீறல் அத்தனையும் போனாத்தான் அடுத்த தாளு. அவசரப்பட்டுத் தாவினா, கடைசியில மைக்ராஸ்கோப்புல அந்தக் கீறல் பல்லைக் காட்டும்.

ஆங், துணியில வைரப் பசை போட்டு மெருகு ஏத்தியாச்சு. மூஞ்சி தெரியுது பாருங்க. உங்க மூஞ்சி ஏன் சார் இப்படி வேர்த்திருக்கு? ஃபேன் போடவா?

இந்தப் பளபளப்புல ஒண்ணும் தெரியாது. ஆசிட்ல அரிச்சாத்தான் உள்ள ஸ்டீல் மணிமணியா அடுக்கியிருக்கறது தெரியும். ஆனா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கே, பயங்கர அழுத்தம். இந்த ஆசிட்ல சும்மாப் போட்டா குளிச்சிட்டு வர்றாப்ல வெளிய வரும். கரண்ட் குடுத்தாத்தான் வாயைத் திறக்கும். ராக்கெட், நேரம் பாத்து! கூட விட்டீங்கன்னா நல்ல ஸ்டீலும் கெட்டதாத் தெரியும், சார் நம்மளை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு.

கழுவி, ஸ்பிரிட் ஊத்தி, உலர்த்தியாச்சு. வாங்க, நீங்களே மொதல்ல பாருங்க. மணிக்கு மணி ஏத்த இறக்கமாப் படிப்படியா இருந்தா ஸ்டீல் நல்லது, ஜெயிச்சது நீங்க. என்ன, படி இல்லையா? ஒவ்வொரு மணியையும் சுத்திக் கறுப்பா வாய்க்கால் வெட்டினாப்லயா? வேற எடத்துக்கு நகர்த்துங்க. அங்கயுமா? ராக்கெட், நீங்களும் பாத்துச் சொல்லுங்க. சரி. சரி, சரி.

ஸ்டீலைச் சூடு பண்ணி ஆற விடறதுல கோட்டை விட்டுட்டாங்க சார். மணிக்கும் மணிக்கும் நடுவுல வலுவே இல்ல. உடம்புக்குள்ள இருக்கற உப்புத்தண்ணியே அதை அரிச்சிருக்கும். புரண்டு படுத்தாக் கூட உடையும்.

சார், அந்த மூலையில சாத்தியிருக்கற ஊன்றுகோலைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, ரொம்ப நேரம் நின்னுட்டேன். ஆமா, என்னுதுதான். தகடும் என்னுதுதான். உங்க சீட்டுல வெறும் நம்பர்தான் இருக்கும், பேரு இருக்காது. சொந்த விவகாரம்னா துண்டு மேல கை வைக்கக் கூடாது, இங்க அதான் வழக்கம். மேலதிகாரிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன், அதான் ராக்கெட் செய்யறாரு.

பின்னால நகராதீங்க, அடிக்கல்லாம் மாட்டேன். ஒரே ஒரு உதவி. உங்க கம்பெனி சொன்னதை எங்க வீட்டுக்காரர் அப்படியே நம்பிட்டாரு. உனக்கு வாயும் காலும் என்னிக்கு ஒரு எடத்துல நின்னுச்சுன்னு கேட்டாரு சார். கால் உடைஞ்சப்பக் கூட நான் அழல, அன்னிக்கு அழுதேன். இந்தாங்க, ஃபோன் ரிங் போகுது. அவ நடக்கலைன்னு நீங்களே சொல்லுங்க.