மதிலுக்கு உள்ளே ஒருத்தி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் யேசுதாசன் அவர்களே, வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பந்தலுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, கடலையும் காற்றையும் கற்றறிந்த பெரியோர்களே, கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் காது கொடுக்கும் இளையோரே, இனயம் மண்ணின் இனியவர்களே, தேங்காப்பட்டணத்திலிருந்து வந்திருக்கும் இந்த ஜஸீனாவின் அன்பு வணக்கம்.

இன்று வெளியாகும் ‘நன்னீர்க் கோட்டை’ இளையோருக்கான நாவல். எழுதியவர் உங்கள் ஊர் ஜெனிலா. வரப்போகும் ஒரு கொடுங்காலத்தின் கதை. கடல் ஏறிவந்து கிணறெல்லாம் கரித்துவிட்ட காலம். மதிலுக்கு உள்ளே நீச்சல் குளம். வெளியே நா வறண்ட கூட்டம். இது வெறும் கற்பனையா? சிரிக்கிறீர்கள். குடத்தோடு வரிசையில் நின்றவர்கள்தாம் முதலில் சிரிப்பார்கள்.

நாவலின் முதல் வடிவத்தை ஜெனிலா தன் கல்லூரித் தோழி பெபிஷாவிடம் வாசிக்கக் கொடுத்தார். உங்கள் தெருமுனையில் உயர்ந்த சுற்றுமதில் உள்ள வீடு பெபிஷாவுடையது. ஆழ்துளைக் கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டு. வாசித்து முடித்தவர் ஜெனிலாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் தள்ளிப்போய் நின்றார். ஜெனிலா அந்த வீட்டுக்கே போனார்.

“ஏட்டி, நீ எழுதினது எனக்க வீட்டையாக்கும், இல்லியா?”

“ஆமா” என்றார் ஜெனிலா. பொய் சொல்ல மனம் வரவில்லை.

“எழுதிக்கோ. ஆனா மதிலுக்கு உள்ள இருக்கிய ஒருத்திக்கும் பேரில்ல, பேச்சில்ல. எல்லாரும் ராட்சசன்மாரு. நான் அப்பிடியா?”

ஜெனிலா வீடு திரும்பி, எழுதியதை மறுபடி படித்தார். தோழி சொன்னது சரியென்று பட்டது. கோட்டைக்குள் ஒரு பெண்ணைப் படைத்தார். வெளியே இருப்பவர்களுக்காக மதகைத் திறக்கத் துணியும் பெண்.

புதிய அத்தியாயங்களைப் பெபிஷா தன் அப்பா ஜான்ரோஸுக்கு வாசித்துக் காட்டினார். “நம்ம கிணத்துலருந்து தெருவுக்கு ஒரு குழாய் வச்சுக் குடுப்போம் மக்கா” என்றார் அவர். நல்ல மனசு. கை தட்டுங்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார். ஆனால் மகள் கேட்டதையும் கேளுங்கள்: “நம்ம மோட்டார் கெட்டுப்போனா? நாம வீட்ட வித்துட்டுப் போனா? அவங்க என்னைக்கும் நம்ம வாசல்லயா நிக்கணும் அப்பா?”

குழாய் வந்தது. அதோடு நிற்கவில்லை. அடுத்த கிராமசபையில் தோழியர் இருவரும் சேர்ந்து எழுந்து, எல்லாத் தெருவுக்கும் பொதுக்குழாய் கேட்டார்கள்.

“உங்க வீட்ல தண்ணி உண்டே, உனக்கென்ன?” என்றார் ஒருவர்.

“அதனாலதான் கேக்கேன்” என்றார் பெபிஷா.

ஜான்ரோஸும் எழுந்து மகளுக்குப் பக்கத்தில் நின்றார். தீர்மானம் நிறைவேறியது. மழைக்கு முன்பே குழாய் பதித்துத் தண்ணீரும் வந்தது. என்ன, பின்னாலிருந்து ‘இப்போ ஒழுங்கா வருது’ என்கிறீர்களா? கேட்கச் சந்தோஷம்.

அன்பர்களே, இரக்கம் ஈரம், உரிமை ஊற்று. ஈரம் காயும், ஊற்று காயலாமா? உள்ளவர் கொடுப்பது பெருமை. எவரும் எவர் வாசலிலும் நிற்காமல் பருகுவதே நீதி. கொடுங்காலக் கதைகளைப் பிள்ளைகள் ஏன் தேடிப் படிக்கிறார்கள்? உலகம் அழியும் என்பதற்காகவா? இல்லை. அழியவிட மாட்டேன் என்று தங்கள் வயதில் ஒருத்தி எழுந்து நிற்கிறாளே, அவளுக்காக.

முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளப் பெபிஷாவை மேடைக்கு அழைக்கிறேன். வெக்கையைப் பொறுத்துச் செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வாசிப்பு வளரட்டும், பங்கிடும் மனம் பெருகட்டும். வணக்கம்.