காலையில் ஒழுங்கு, மதியம் நலன்

எங்கள் கூட்டங்களில் பிரியாணி எப்போதும் நன்றாக இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

நான் விருதுநகர் ஒலிவமலை மெதடிஸ்ட் மிஷனெரி சங்கத்தின் செயலாளர். மிஷனெரிகளைக் கண்டிக்க ஒரு குழு, கவனித்துக்கொள்ள ஒரு குழு. இரண்டிலும் நாங்களே மூன்று பேர். காலையில் ஒழுங்குக் குழுவாகக் கூடுவோம். சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலிகளில் நலக் குழுவாக உட்காருவோம். காலையில் முறைத்த முகங்கள் மதியம் புன்னகைக்கும். பிரியாணி அதற்கு உதவும்.

விதி எளியது. இடமாற்றம் கேட்பது தேவ அழைப்பைச் சந்தேகிப்பது; ஆகவே ஒழுங்கு மீறல். ஒழுங்கு விசாரணையில் இருப்பவரின் நலனை, விசாரணை முடியும்வரை பேசக் கூடாது.

சகோதரி சுகிர்தா தாயில்பட்டியில் எங்கள் மிஷனெரி. சங்கம் பிடித்துக் கொடுத்த வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்துக் கீர்த்தனை சொல்லிக் கொடுப்பார். தெரு முழுக்கக் கேட்கும். ஒருநாள் மதியம் எங்கள் முன் வந்து நின்றார்.

"பக்கத்து வீட்டுல லைசென்ஸ் இல்லாம வெடி சுத்துறாகய்யா. மருந்து மூட்டை என் அடுப்படிச் சுவரை ஒட்டியே கெடக்கு. வேற ஊருக்கு மாத்தி விடுங்க."

மதியம்தான். ஆனால் கேட்டது இடமாற்றம் என்பதால் மறுபடி ஒழுங்குக் குழுவாக மாறிக்கொண்டோம். நாற்காலியை விட்டு எழ வேண்டியிருக்கவில்லை. எங்கள் தலைவர் ராஜபாண்டியன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண்ணாடியைக் கழற்றினார்.

"தானியேல் சிங்கக்கெபியில இருந்துக்கிட்டு ட்ரான்ஸ்பர் கேட்டாராம்மா?"

"சிங்கம் வெடிக்காதுல்லய்யா."

பொருளாளர் சிரித்துவிட்டார். பிறகு அவரே வருந்தி, பெரியவர்களிடம் எதிர்ப்பேச்சு என்று இன்னொரு குற்றத்தையும் சேர்க்கச் சொன்னார்.

பக்கத்து வீடு யாருடையது என்று கேட்டீர்கள். என் மைத்துனன் பாண்டிச்செல்வத்துடையது. பிரியாணி அனுப்புகிறவனும் அவன்தான். சகோதரிக்கு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தது நான். கீர்த்தனை கேட்கிற தெருவுக்குச் சோதனைக்கு யாரும் வருவதில்லை. நீங்களே வந்ததில்லையே.

அன்று அவன் போன் செய்தான். "அத்தான், அந்தம்மாவ மாத்திராதீக. பாட்டு நின்னுச்சுன்னா ஆபீசருக வந்துருவாக. தீவாளி சீசன் தாண்டட்டும்."

நியாயமான வேண்டுகோள். விசாரணையை முடித்தால் நலனைப் பேச வேண்டிவரும். ஆகவே முடிக்கவில்லை. இன்னும் ஜெபிக்க வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தள்ளிவைத்தேன். ஜெபித்தோம் என்பதும் உண்மை.

"அடுப்புப் பத்த வைக்கப் பயந்துக்கிட்டு பன்னும் பழமுமாச் சாப்பிடுதேன்யா" என்று சகோதரி போனில் சொன்னார். உபவாசம் நல்லது என்றேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மருந்து வெடித்தது. பாண்டிச்செல்வத்தின் ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பிள்ளைகள் இன்னும் பாட்டுக்கு வரவில்லை. சகோதரி வீட்டில் இருந்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் கூடினோம். முதன்முறையாக நலக் குழு காலையிலேயே கூடியது. பிரியாணி வேண்டாம், தயிர்சாதம் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆமாம் ஐயா, மருந்து இருப்பது தெரிந்துதான் அவரை அங்கே வைத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எங்களைக் கல்மனசுக்காரர்கள் என்று மட்டும் எழுத வேண்டாம். எதிர்ப்பேச்சுக் குற்றத்தை அன்றே ரத்து செய்தோம். அனுமதியில்லாமல் பணித்தளத்தை விட்டுப் போனதையும் ஒருமனதாக மன்னித்துவிட்டோம்.