பி.பி. தேசம்மா

அந்தக் காலத்து மவுஸுக்குள் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்காது கயல், நீங்கள் அப்போது கைக்குழந்தை. அடிமூடியைத் திருகினால் உருண்டை கையில் விழும். உள்ளே இரண்டு சின்ன உருளைகள். அவற்றின் மேல் வளையம் வளையமாக அழுக்கு அப்பியிருக்கும், கறுப்பாக, பிசுபிசுவென்று. எல்லாம் மனிதக் கையின் அழுக்கு. எண்ணெய், செத்த தோல், முடி, மிக்சர் தூள். நகத்தால் சுரண்டினால் புழு மாதிரி சுருண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அதைச் சுத்தம் செய்வேன். என் அப்பா சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துவிட்டு வந்து அதே கையால் மவுஸைப் பிடிப்பார்.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். 2001 மே மாதம் எங்கள் வீட்டுப் போனில் ஆஸ்பத்திரியிடம் பேசியது உங்கள் அப்பாதானா என்று கேட்டீர்கள். அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, கண் மூடுவதற்குள் தெரிய வேண்டும் என்கிறார் என்றீர்கள். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வார்த்தையில் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். அதனால் வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் செல்போனில் பதிவாகிறது என்று தெரியும். ஆகட்டும்.

எனக்கு அருவருப்பு அதிகம். சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குத் தூசி ஆகாது. எனக்கு அடுத்தவர் எச்சில் ஆகாது. இது ஒரு குற்றமா என்ன?

எங்கள் வீடு அப்போது சாந்தோமில், இரண்டாவது மாடியில். எனக்குப் பதினாறு வயது. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேன் என்று ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள். அதைத் துடைத்தெடுக்க எனக்கு அரை நாள் ஆனது.

இன்டர்நெட் போன் லைன் வழியாக வரும். மோடம் கொஞ்ச நேரம் கீச்சிட்டுக் கரகரத்து, பிறகு அடங்கும். அது ஓடுகிற வரை வெளியிலிருந்து யாரும் எங்கள் வீட்டுக்குப் போன் செய்ய முடியாது. ஹாலில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். பாதி இறங்கிய ஃபைல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

பெரும்பாலும் சாட் ரூம்களில் இருப்பேன். உள்ளே போனதும் வயது, ஆணா பெண்ணா, ஊர் என்று கேட்பார்கள். அவரவர் இஷ்டப்படி பதில் சொல்வோம். நான் டொரன்டோவில் வேலை பார்க்கும் இருபத்தேழு வயது எஞ்சினியராக இருந்தேன். ஒரு மாதம் விமானப் பணிப்பெண்ணாகக்கூட இருந்தேன். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. இன்னொருவர் பெயரில் பேசுவது, சட்டை மாற்றிக்கொள்வது மாதிரி, அவ்வளவு சுலபம்.

உங்கள் அம்மா தேசம்மா எங்களுக்குப் பத்து வருஷமாக மீன் கொண்டு வந்தவர். பட்டினப்பாக்கத்தில் கடை முடித்துவிட்டு, மிச்சக் கூடையோடு எங்கள் மாடிக்கு வருவார். மீன் நல்ல மீன். வஞ்சிரத்தை அம்மா வறுத்தால் நான்கு துண்டு சாப்பிடுவேன். ஆனால் மீனைச் சாப்பிடுவது வேறு, மீன்காரம்மா நம் வீட்டுப் போனில் பேசுவது வேறு. வீட்டில் போன் இல்லாதவர்கள் அப்போது தெரிந்தவர் வீட்டு நம்பரைக் கொடுத்து, ஓரத்தில் பி.பி. என்று எழுதுவார்கள். என் அம்மா தாராளமாக எங்கள் நம்பரைக் கொடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உங்கள் அம்மா போனை வாயோடு ஒட்டி வைத்துத்தான் பேசுவார். வெற்றிலை எச்சில் அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளில் தெறிக்கும். பிடித்த இடத்தில் செதில் ஒட்டியிருக்கும், காய்ந்து மினுமினுவென்று. அவர் போன பிறகு ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைப்பேன். ஓட்டைகளுக்குக் குண்டூசி. அப்போதும் வாடை போகாது.

உங்கள் அக்கா ஜெனிதாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதயத்தில் ஓட்டை. பதினொரு வயதில் ஏழு வயதுக் குழந்தை அளவுதான் இருந்தாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருக்கும். எங்கள் மாடி ஏறுவதற்குள் நான்கு தடவை உட்காருவாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். ஒருநாள் என் பின்னால் வந்து நின்று, "அண்ணா, என் பேரு எழுதிக்கட்டா?" என்று கேட்டாள். அம்மா பக்கத்தில் இருந்ததால் சரி என்றேன். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். ஏழு எழுத்துக்கு ஐந்து நிமிஷம். திரையில் தன் பெயரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் போனதும் அந்தப் பட்டன்களைப் பெயர்த்தெடுத்து சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். நான் அவளிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவள் பெயரை ஆபரேஷனுக்குப் பதிந்திருந்தார்கள். வரிசை நீளம். முறை வந்து படுக்கை காலியானால் போன் வரும், அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். கொடுத்திருந்தது எங்கள் நம்பர். கோடை விடுமுறை. அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போய்விடுவார்கள், வீட்டில் நான் மட்டும்தான்.

"டேய் பாரத், பத்துலேர்ந்து நாலு மணி வரைக்கும் நெட் போடாத" என்றார் அம்மா. "போன் வந்தா ஓடிப்போய் தேசம்மாகிட்ட சொல்லிட்டு வா. அவ்ளோதான் உன் வேலை."

முதல் வாரம் அப்படியே இருந்தேன். ஆனால் உங்கள் அம்மா என்னை நம்பவில்லை. அதாவது, போனை நம்பவில்லை. அப்போது லைன் அடிக்கடி செத்துப்போகும், சொல்லாமல் கொள்ளாமல். அதனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கடையை விட்டுவிட்டு மாடியேறி வருவார். "போன் உசுரோட கீதா பாத்துக்கறேன் தம்பி" என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைப்பார். கொய்ங் என்று சத்தம் கேட்டால் கீழே வைப்பார். "கீது, கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போவார். ஐந்து தடவை எச்சில், ஐந்து தடவை செதில், ஐந்து தடவை நான் பஞ்சும் ஸ்பிரிட்டும்.

இரண்டாவது வாரம் நானும் நெட்டைப் போட ஆரம்பித்தேன். நான் என்ன சாமியாரா? உங்கள் அம்மா ரிசீவரை எடுத்ததும் அது அவர் காதில் கீச்சிடும். "இன்னாது இது, பேய் பூந்த மாறி கத்துது" என்று பயந்து வைப்பார். என் இணைப்பு அறுந்துவிடும்.

அது ஒரு புதன்கிழமை. ஒரு கார் பந்தய விளையாட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டரை மணி நேரம் ஆகும். ஏற்கெனவே மூன்று நாளாக மூன்று தடவை போயிருந்தது. அன்று ஒன்பது மணிக்கே தொடங்கி, பதினொன்றேகாலுக்குத் தொண்ணூறு சதவீதம் தாண்டியிருந்தது. உங்கள் அம்மா வந்தார். கையில் இறால் உரித்த ஈரம். நான் சொல்வதற்குள் ரிசீவரை எடுத்துவிட்டார். போயிற்று. அவர் இறங்கிப் போனார். ரிசீவரிலிருந்து நீர் சொட்டி டெலிபோன் டைரக்டரியின் மேல் விழுந்தது.

அவர் தெருவை எட்டியிருப்பார், போன் அடித்தது. அவர் லைனை அறுத்ததால்தான் அது வர முடிந்தது. அந்த ஈர ரிசீவரை நான் காதில் வைத்தேன்.

"தேசம்மா பி.பி.ங்களா? பெட் காலியாயிருக்கு. பொண்ண நாலு மணிக்குள்ள கொண்டாந்து சேத்துடச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

சரி, சொல்கிறேன் என்றேன். பால்கனியிலிருந்து பார்த்தால் உங்கள் அம்மா தெரிந்தார். கூப்பிட்டால் திரும்பியிருப்பார். ஆனால் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். மேலே வருவார். அழுவார். தன் தம்பிக்குப் போன் போட வேண்டும், சர்ச்சுக்குப் போட வேண்டும் என்பார். அதே கையோடு, அதே வாயோடு, ஒரு மணி நேரம். நான்கு மணிக்குள் என்றுதானே சொன்னார்கள். ஃபைல் இறங்கியதும் நானே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். இதில் ஒரு தவறும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ரிசீவரைத் துடைத்தேன், கதவை உள்பக்கம் தாழிட்டேன், மறுபடி இணைத்தேன். இடையில் உங்கள் அம்மா இரண்டு தடவை வந்து தட்டினார். நான் திறக்கவில்லை.

இரண்டு மணிக்கு இறங்கி முடிந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று விளையாடிப் பார்த்தேன். மூன்று இருபதுக்கு மறுபடி போன்.

"கெளம்பிட்டாங்களா? வரலன்னா சொல்லிடுங்க, அடுத்த புள்ள காத்துக்கிட்டிருக்கு."

அப்போதுகூட நேரம் இருந்தது. ஆட்டோ பிடித்தால் இருபத்தைந்து நிமிஷம். ஆனால் உங்கள் அம்மா அங்கே போனால், காலையிலேயே சொன்னோமே என்பார்கள். என் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரை உறை போட்டு மூடிவிடுவார்கள். இதையெல்லாம் நான் பதறிக்கொண்டு யோசிக்கவில்லை. நிதானமாகத்தான் யோசித்தேன். எனக்குக் குரல் உடைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "நான் பொண்ணோட அப்பா பேசறேம்மா, மிக்கேலு. ஆபரேசன்லாம் வாணாம். பேர அடிச்சிரு" என்றேன். நன்றாகவே வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய அந்த அம்மா நல்லவர். இரண்டு தடவை கேட்டார், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நெஞ்சைக் கிழித்தால் பிள்ளை பிழைக்காது என்றேன். உங்கள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைதான் அது.

உங்கள் அம்மா அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தார். பதினாறு நாள், ஐந்து ஐந்து தடவை. உசுரோட கீதா, உசுரோட கீதா. எனக்கு அதுதான் தாங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டார். பெண்ணின் அப்பாவே வேண்டாம் என்று போனில் சொன்னார் என்று நோட்டைக் காட்டினார்கள். மறுபடி பதிந்தார்கள், வரிசையின் கடைசியில். அன்று சாயந்தரம் என் அம்மா கேட்டார், மிக்கேல் வந்து நம் வீட்டிலிருந்து பேசினானா என்று. ஆமாம் என்றேன். நான் உள்ளறையில் இருந்தேன், என்ன பேசினார் என்று கவனிக்கவில்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்து உங்கள் அப்பா வந்தார். முகத்தில் அடிபட்ட வீக்கம். உங்கள் மாமன்மார் அடித்திருந்தார்கள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. மாதா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல. குடிச்சா எனக்குத் தல நிக்காது. நீதான் வூட்ல இருந்த. நானா வந்து பேசுனேன்?"

"ஆமாண்ணா."

"என் வாயாலயா சொன்னேன், வாணான்னு?"

"ஆமாண்ணா. நீங்கதான்."

அவர் அழுதார். மூக்கு ஒழுகி மீசையில் இறங்கியது, துடைக்கவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் காட்சி இன்றைக்கும் சாப்பிடும்போது நினைவுக்கு வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

ஜெனிதா செப்டம்பரில் போனாள். உறவுக்காரர்களுக்குச் சொல்ல எங்கள் போன்தான். உங்கள் அம்மா அன்று ரிசீவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். போகும்போது என் தலையில் கை வைத்து, "எங்களால உனுக்கு எவ்ளோ தொந்தரவு கண்ணு" என்றார். நான் குளித்தேன். உங்கள் அப்பாவை வீட்டில் சேர்க்கவில்லை, அவர் காசிமேட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் நான் தலையிட முடியாது, அது உங்கள் குடும்ப விஷயம்.

நீங்கள் படித்து, வங்கியில் வேலை பார்த்து, நன்றாக வந்திருக்கிறீர்கள். உங்களிடம் அந்த வாடை துளிகூட இல்லை. அதனால்தான் வேளச்சேரி வரை தேடி வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கேட்டீர்கள், மறைக்காமல் சொல்லிவிட்டேன். உங்கள் அப்பா அன்று எங்கள் வீட்டுப் படியே ஏறவில்லை. பேசியது நான். ஜெனிதாவின் பெயரை அடிக்கச் சொன்னது நான். எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்கிறவன் நான், அது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

காசிமேடு வரை வந்து அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லச் சொல்கிறீர்கள். சளி கட்டிய ஆள் இருக்கும் அறைக்குள் என்னால் வர முடியாது, அது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நீங்களும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். தானேதான் பேசினோம் என்று இருபத்துநான்கு வருஷமாக நம்பி, அழுது, அவர் ஒருவழியாக அதற்குப் பழகியிருப்பார். போகிற நேரத்தில் ஒரு மனிதரின் மனதை அசுத்தப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.