நிக்கனோரின் சக்கரம்

— அந்த விதவை வீட்டு மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இம்புட்டு நட்சத்திரமா? நல்லாருக்கு. நம்ம கல்யாணக் கட்டில்ல ஒரு பூப் போட உங்களுக்குக் கை வரல, ரொஹேலியோ.

— தள்ளி நில்லு எர்மிடா. நிழல் விழுது.

— விழட்டும். அந்த விதவை ஒத்தீலியா வந்து நின்னா மட்டும் விழாதோ?

— அவ இங்க வரவே இல்ல.

— நீங்க போனீங்கல்ல? சாமியார் வீட்டுச் சமையக்காரி பார்த்திருக்கா. அவ வாசல்ல நின்னு காப்பி குடிச்சீங்களாம்.

— சக்கரம் எடுக்கப் போனேன். கொடுத்தா. குடிச்சேன்.

— நம்ம வீட்டுக் காப்பியில சர்க்கரை ஜாஸ்திங்கற ஆளு! உளுத்துப் போன சக்கரத்துக்கு மஞ்சள், நீலம், பச்சை... அவளா கேட்டா, வரைஞ்சு தாங்கன்னு?

— அவ அடுப்புக்கு வெட்டப் பார்த்தா. நான்தான் கேட்டு வாங்கினேன்.

— நீங்க கேட்டீங்க.

— ம்.

— நல்லாருக்கு. அவ புருஷன் நிக்கனோர் செத்து ஒரு மழைக்காலம் முழுசா முடியல.

— பொறு. இந்த ஆரஞ்சுக் கோட்டை முடிச்சுக்கறேன்.

— பிரஷ்ஷைக் கீழ வைங்க! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், ஊரே பார்க்க, அவ வீட்டுச் சுவத்துல கொண்டு போய் மாட்டுவீங்க. அதானே?

— நம்ம சமையக்கட்டுல மாட்டப் போறேன்.

— ...என் சமையக்கட்டுலயா?

— அடுப்புக்கு எதிர்ச் சுவத்துல.

— நிக்கனோர் வண்டிச் சக்கரம் அங்க எதுக்கு?

— இந்தா, அச்சுல போட்டுச் சுத்தி விடுறேன். என்ன கேக்குது?

— ஒண்ணும் கேக்கல.

— ம். இந்த ஊர்ல வண்டிக்கு வண்டி சத்தம் வேற. சக்கரத்து நடுக் குடத்துல அச்சு இரும்பு மோதுறதைக் கேட்டே யாரு வர்றான்னு சொல்லிரலாம். என் வண்டி பாலத்துத் திருப்பத்துல வந்தா நம்ம நாய் எந்திரிக்கும். நிக்கனோர் வண்டி வந்தா நீ எந்திரிப்ப.

— நானா? யாரு சொன்னா?

— கல்லுல கிடந்த சோள ரொட்டி சொல்லுச்சு. நீ ஜன்னல்கிட்ட நிப்ப, அது இங்க கருகும். நான் ஒரு வார்த்தை பேசாம கருகலைத் தின்னுட்டு வேலைக்குப் போவேன். அதான் முதல் வேலையா குடத்துல துணியை அடைச்சேன். அது மேல சாயத்தை ஊத்தி இறுக்கிட்டா இது வெறும் படம். தினமும் பார்த்துக்கோ. இனிமே கேக்காது. ஏதாவது சொல்லு எர்மிடா. இல்லைன்னாவது சொல்லு.

— சாயம் ஊத்திட்டீங்களா?

— இன்னும் இல்ல.

— அப்ப அந்தத் துணியை எடுங்க. ஒரே ஒரு தடவை சுத்தி விட்டுட்டு, அப்புறம் மூடிருங்க.