திங்கக்கெழமை படுத்துக்குற லேப்டாப்பு

...மூணாவது வாரம், நஜ்முதீன் தம்பி, மூணாவது வாரம்! நீங்க சரிபண்ணிட்டுப் போனா சனிக்கெழம வரைக்கும் நல்லாத்தான் ஓடுது. திங்கக்கெழம தொறந்தா படுத்துக்குது. என்ன ரிப்பேரு பாக்குறீங்க? உக்காருங்க... ஐயோ, அந்த டியூப்ப தட்டி உட்றாதீங்க! கோட்டுச்சேரிமேட்டு சுப்பையன் ரத்தம் அது. மனுசன் ரிசல்ட்டுக்கு வெளியவே உக்காந்துருக்காரு. மூணு மாச சர்க்கரை 6.5ன்னு போடுறேன், தப்புங்குது. செவப்புல பிரெஞ்சுல திட்டுது!

டாக்டர் வேற சொல்லிட்டாரு. "ஆரோக்கியசெல்வி, இன்னிக்கும் ரிப்போர்ட்டு கையெழுத்துல வந்துச்சுன்னா எல்லாரையும் எதுத்த லேபுக்கு அனுப்பிடுவேன்"னு. எதுத்த லேபு! ஏசி, மீன் தொட்டி... ஊசி குத்திக்க வர்றவனுக்கு மீன் எதுக்குங்க?

அன்னிக்கு என்ன சொன்னீங்க? ரிசல்ட்ட சேத்து வைக்கிற டேட்டாபேஸு, விண்டோஸ் எந்த ஊரு வழக்கத்துல இருக்கோ அதையே புடிச்சிக்கும். பிரெஞ்சுன்னா புள்ளிக்குப் பதிலா கமா, 6.5க்கு 6,5ன்னு கேக்கும். அதானே? அதுக்குத்தானே எல்லாத்தையும் அழிச்சு, இந்தியான்னு மாத்தி, மறுபடி போட்டீங்க? அப்புறம் எவன் வந்து மாத்துறான்?

எங்கண்ணன் பாரீஸ்லேந்து கொண்டாந்ததுங்க, லேசுப்பட்டதில்ல. கீபோர்டுல ஏ இருக்க வேண்டிய எடத்துல கியூ இருக்கும், பாஸ்வேர்டு அடிக்கவே ஒரு டீ ஆறிடும். ஒருத்தரையும் தொட உடமாட்டேன். நானே ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து அண்ணன் மவ ஜோஸ்பின்கிட்ட பேசத்தான் தனியா தொறப்பேன். புள்ளைக்கு பிரெஞ்சுதான் வாசிக்க வரும். என் ஸ்கிரீன அங்கேந்து பாத்துக்கிட்டே "இத அமுக்குங்க அத்தை, அத அமுக்குங்க"ன்னு எல்லாம் சொல்லிக் குடுக்கும். இங்கிலீஷ்ல இருந்தா மொகம் வாடிப்போவுது. அதான் பேசுறதுக்கு முன்னாடி பாஷைய பிரெஞ்சாக்கி, ஊர பிரான்ஸாக்கி...

ஏன் தம்பி அப்புடிப் பாக்குறீங்க?

...ஓ.

இல்ல, இருங்க. புள்ளைக்காக மாத்துனா இதுக்கு என்ன வந்துச்சாம்? ...ம்... ரெண்டு லாகினா? லேபுக்கு இந்தியா, ஜோஸ்பினுக்கு பிரான்ஸு? ஒண்ணு மாத்துனா இன்னொண்ணு மாறாதா? சரி சரி, பண்ணுங்க. நான் பேசல.

ஏறிடுச்சு! 6.5! சுப்பையன், வாங்க, ரிப்போர்ட்டு ரெடி! டாக்டருக்கு மொதல்ல காட்டுங்க!

இத மொத வாரமே சொல்றதுக்கென்ன தம்பி? ...சொல்ல வந்தீங்களா? எப்ப? நான் உடலையா? யாரு, நானா? நான் வாயத் தொறந்தாத்தான... தம்பி? நஜ்முதீன் தம்பி! பைய இங்கயே வச்சிட்டுப் போறீங்களே!